பன்னிரண்டு ஃபிரேம்

தேவகி அக்காவுக்குப் பொய் சொல்ல வராது என்று முள்ளிப்பட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? ஏழு வாரம், வாரத்துக்கு அறுபது என்று வைத்துக்கொண்டாலும் நானூற்று இருபது பொய்களை அவள் தன் கையால் எழுதியிருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அது தெரிந்திருந்தும், வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவள் நான். அவளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பது வேறு விஷயம். வேறு யாரும் எழுதப்போவதில்லை.

அவள் பிறந்தது தேசூரில். பிளஸ் டூ முடித்து, இருபத்தொரு வயதில் முள்ளிப்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். கணவர் பாலு அண்ணன் பட்டு நெசவு. வீட்டிலேயே தறி, சம்பந்தம் என்கிற ஆரணி முதலாளி தறியில் ஏற்றுகிற பாவு நூலும் பட்டும் கொடுப்பார், சேலையாக நெய்து திருப்பித் தரவேண்டும். ஒரே மகள் சுகன்யா பதினொன்றாவது படிக்கிறாள். நான்கு வருடத்துக்கு முன்னால் தேவகி அக்கா எங்கள் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது, கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை.

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். ஆரணி பேருந்து நிலையத்துக்கு எதிரே, செல்போன் கடைக்கு மேல் மாடி, பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி எப்போதும் ரிப்பேர். நடத்துகிறவன் தீனா. ஆள் எடுக்கும்போது அவன் சர்ட்டிபிகேட்டைப் பார்க்கமாட்டான், ஐந்து நிமிட வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டி, "என்ன மாறிச்சி, சொல்லுங்க" என்பான். பட்டதாரிகள் மூன்று மாற்றம் கண்டுபிடித்த இடத்தில் தேவகி அக்கா ஒன்பது சொன்னாள். ஆயிரக்கணக்கான இழையில் ஓர் இழை அறுந்தாலும் கண் தானாக அங்கே போய் நிற்கிற பெண் அவள்.

வேலை இதுதான். அமெரிக்காவில் பனி கொட்டுகிற ஏரிக்கரை ஊர் ஒன்றின் ஃபுட்பால் அணிக்காக, அவர்கள் ஆடும் ஆட்டத்தின் வீடியோவை நாங்கள் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து எண் எழுதவேண்டும். ஒரு நொடிக்கு அறுபது ஃபிரேம். ஃபுட்பால் என்றுதான் பெயர், காலால் உதைப்பதோ எப்போதோ ஒரு தடவை. மற்ற நேரமெல்லாம் முட்டிமோதிக்கொள்கிறார்கள். பந்து எறிபவனுக்கு முன்னால் ஐந்து தடியன்கள் சுவர் மாதிரி நிற்பார்கள். பந்து கிளம்பிய ஃபிரேமிலிருந்து எத்தனையாவது ஃபிரேமில் அவர்கள் கால் கிளம்புகிறது என்பதைக் குறிப்பது தேவகி அக்காவின் வேலை. பத்தில் ஒன்றைத் திரும்பச் சரிபார்ப்பது என் வேலை.

அந்த அணியின் சட்டையில் ஒரு சாம்பல் கொக்கு இருக்கும். எங்களுக்குக் கொக்கு டீம். போன செப்டம்பரில் தொடங்கிய அவர்களுடைய சீசன் போல ஒரு பேஜாரான சீசனை நான் பார்த்ததில்லை. மொத்தம் பதினேழு ஆட்டம். முதல் ஆறையும் வரிசையாகத் தோற்றார்கள். கையில் வந்த பந்தை நழுவவிட்டார்கள், தங்கள் ஆள் மேலேயே விழுந்தார்கள், ஜெயிக்கவேண்டிய ஆட்டத்தைக் கடைசி நிமிடத்தில் தூக்கிக் கொடுத்தார்கள். கோச் தொப்பியைக் கழற்றித் தரையில் அடிப்பதை நாங்கள் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தோம். தீனா ஆபீஸ் வாசலில் தேங்காய்கூட உடைத்துப் பார்த்தான். அதுவும் அழுகலாகப் போனது.

தோற்கிற அணியில் ஆளைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அங்கிருந்து ஆட்டக்காரர் பட்டியல் வரும். விலக்கப்பட்டவனின் வரி சாம்பல் நிறமாகியிருக்கும். வாரத்துக்கு மூன்று பேர், நான்கு பேர் சாம்பலாவார்கள். பட்டியல் வந்ததும் தேவகி அக்கா முதலில் தேடுவது ஐம்பத்தெட்டாம் நம்பரை.

அவன் சுவரில் இடது ஓரத்துக்காரன். பெயர் நீளமாக, வாயில் நுழையாத மாதிரி இருந்ததால் எல்லோருக்கும் ஐம்பத்தெட்டுதான். ஆட்டம் முழுக்க ஒரு தடவைகூட பந்தைத் தொடமாட்டான்.

"பாவம் பரிமளா, நாள் முச்சூடும் இவன் ஒதை வாங்குறான், பேரு எவனுக்கோ போவுது" என்பாள் தேவகி அக்கா. ஒவ்வொரு தடவையும் பந்து கிளம்புமுன் அவன் குனிந்து விரலால் தரையைத் தொடுவான். "பாத்தியா, தொட்டுக் கும்புடுறான். தறியில உக்கார்றதுக்கு மின்ன அவரும் இப்டித்தான்."

"யக்கா, அந்த ஆட்டத்துல அப்டித்தான் நிக்கணும். கும்புடவும் இல்ல ஒண்ணும் இல்ல."

"உனுக்கு ரொம்பத் தெரியும், போடி."

ஐம்பத்தெட்டின் கால் எப்போதும் பன்னிரண்டாவது ஃபிரேமில் கிளம்பும். சில சமயம் பதினொன்று, சில சமயம் பதின்மூன்று.

ஆறாவது ஆட்டத்தில் இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்து அவன் தலைமேல் மோதினார்கள். விழுந்தவன் எழுந்தான். எழுந்து தன் ஆட்களிடம் போகாமல் எதிரணிக் கூட்டத்தை நோக்கி நாலடி நடந்தான். எவனோ ஒருவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். தேவகி அக்கா வீடியோவை நிறுத்தினாள். தீனாவைக் கூப்பிட்டு, "இத்த எங்க எழுதறது?" என்று கேட்டாள். தீனா எண் எழுதும் கட்டங்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "அதுக்குக் கட்டம் இல்லக்கா, வுட்டுடுங்க" என்றான்.

அடுத்த ஆட்டத்தில் அவன் கால் இருபத்தோராவது ஃபிரேமில் கிளம்பியது. அடுத்த முறை இருபது. அதற்கடுத்த முறை இருபத்திரண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் நான்கு பேர் சாம்பலாகியிருந்தார்கள்.

நான் சரிபார்க்கத் திறந்தபோது கட்டத்தில் பதின்மூன்று என்று இருந்தது. வீடியோவை ஓட்டினேன், இருபத்தொன்று. இன்னொரு தடவை ஓட்டினேன், இருபத்தொன்றுதான். பக்கத்தில் திரும்பினேன். தேவகி அக்கா டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் 'சரி' என்பதை அழுத்தினேன்.

ஏன் அழுத்தினேன் என்று கேட்டால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. நானும் தறி வீட்டில் பிறந்தவள்தான். எங்கள் தெருவில் முதலாளி வந்து சேலையை விரித்துப் பார்க்கும்போது, எந்த இடத்தில் குறை என்று பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள். நேற்றுவரை அவளோடு சண்டை போட்டவளாக இருந்தாலும் திறக்கமாட்டாள். குறை தெரிந்தால் அந்த வீட்டுக்குப் பாவு வராது, அடுப்பு எரியாது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, இருந்து பார்த்துக் கற்றுக்கொண்டோம். அமெரிக்காவில் ஒரு தடியனுக்கும் அதே மரியாதையைச் செய்தோம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையவேண்டும் போல இருக்கிறது.

ஏழு ஆட்டம் அப்படியே போனது. பத்தாவது ஆட்டத்தில் கொக்கு டீம் தெரியாத்தனமாக ஜெயித்தது. தீனா லட்டு வாங்கி வந்தான். ஐம்பத்தெட்டு ஒவ்வொரு வாரமும் பட்டியலில் கறுப்பு எழுத்தில் நின்றான். தேவகி அக்கா செவ்வாய்க்கிழமைகளில் தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள்.

பதினான்காவது ஆட்டத்தில் அவன் விழுந்தான். பெரிய மோதல்கூட இல்லை. வழக்கமாக வருகிற ஒருவன் வந்தான், ஐம்பத்தெட்டு கையைத் தூக்கத் தாமதமானது, தலை பின்னுக்கு மடங்கி மல்லாந்து விழுந்தான். கைகள் இரண்டும் மேலே விறைத்து நின்றன. சின்ன வண்டி ஒன்று மைதானத்துக்குள் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. அந்த ஆட்டத்தையும் நாங்கள்தான் எழுதவேண்டும். தேவகி அக்கா அந்தத் துண்டை நான்கு தடவை ஓட்டினாள். கட்டத்தில் முப்பத்தொன்று என்று எழுதினாள். அது உண்மையான எண்.

பிறகு எழுந்து தீனாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என் பெயரைச் சொல்லவில்லை.

தீனா கத்துவான் என்று நினைத்தேன். அவன் கத்தவில்லை. நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "யக்கா, ஒருத்தன் மெதுவாயிட்டான்னா மொதல்ல டாக்டர் கிட்டதான் அனுப்புவாங்க. தலையில அடிபட்டுதான்னு பாப்பாங்க. அதுக்குத்தான் இந்த நம்பரே வாங்குறாங்க. வேலைய வுட்டுத் தூக்கறதெல்லாம் அப்பால."

"எனுக்குத் தெரியாதே தீனா" என்றாள் அவள். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

தீனா உண்மையை எழுதி அவர்களுக்கு அனுப்பினான். பதில் வரவில்லை. சீசன் முடிந்ததும் கோச்சை அனுப்பிவிட்டார்கள், எங்கள் வேலையையும் நிறுத்திவிட்டார்கள். ஒன்றில் ஜெயித்து, பதினாறில் தோற்றிருந்தார்கள்.

வேலை நிற்பதற்கு முன், ஒரு மத்தியானம் ஆபீஸில் சாப்பிடும்போது, ஐம்பத்தெட்டின் மனைவி பேசிய வீடியோ என் போனில் வந்தது. தேவகி அக்கா தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஆறாவது ஆட்டத்திலிருந்தே அவனுக்குத் தலைவலி, வெளிச்சம் பார்த்தால் வாந்தி. யாரிடமும் சொல்லாதே என்று அவன் கேட்டுக்கொண்டான், இவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அந்தப் பெண் அழுதாள்.

தேவகி அக்கா சோற்றை மூடி வைத்தாள். "பரிமளா, அவருக்கு வலது கை சரியா வர்ல" என்றாள்.

எனக்கு முதலில் யாரைச் சொல்கிறாள் என்றே பிடிபடவில்லை. பாலு அண்ணனைச் சொன்னாள். கை பின்தங்குகிறது, குறுக்கே போகிற ஊடை நூல் ஒரே சீராக விழவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் பாவு நிற்கும் என்று, தினமும் விடிகாலை ஐந்திலிருந்து எட்டு வரை அவளே தறியில் உட்கார்ந்து அவர் நெய்ததைப் பிரித்து மறுபடி நெய்துவிட்டு, அதன் பிறகு பஸ் பிடித்து ஆபீஸ் வந்திருக்கிறாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. இவள் காரணம் சொல்லவில்லை.

"எத்தினி நாளாக்கா?"

அவள் டப்பாவைப் பையில் வைத்து எழுந்தாள். நான்தான் சத்தம் போட்டு மறுநாளே வேலூருக்குக் கிளப்பினேன், நானும் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. பாலு அண்ணனின் இரண்டு கையையும் மேசைமேல் வைக்கச் சொல்லி, "நான் பேனாவத் தட்டினதும் கைய தூக்குங்க" என்றார். இடது கை உடனே எழுந்தது. வலது கைக்குத் தட்டினார். பாலு அண்ணன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு கை எழுந்தது.

"இருவத்தாறு" என்றாள் தேவகி அக்கா.

"என்னம்மா?"

"கை கெளம்ப இருவத்தாறு ஃபிரேம் ஆவுதும்மா. மின்னல்லாம் பன்னெண்டு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எப்போலேர்ந்து இப்படி?"

"போன வருசத்துக்கு மொத வருசம், ஆடி அமாவாசைக்கு மறுநாள். அமாவாசைக்குத் தறி போடமாட்டோம். மறுநாள் காலையில உக்காந்தாரு. அப்ப பதினாறு இருந்திருக்கும்."

பாலு அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தார். "அன்னையிலேர்ந்து எண்ணிகினா இருந்த?"

"ஆமாங்க."

"எங்கிட்டகூட சொல்லல."

"நீங்களும் சொல்லல."

மறுநாள் ஸ்கேன் படம் வந்தது. மூளையில் கட்டி. மெதுவாக வளர்கிற வகைதான், ஆரம்பத்திலேயே வந்திருந்தால் முழுதாக எடுத்திருக்கலாம், இப்போது பரவிவிட்டது என்றார் டாக்டரம்மா. அவர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

பங்குனியில் சம்பந்தம் முதலாளி முள்ளிப்பட்டுக்கு வந்தார். தறியில் ஏற்றியிருந்த பாவு நூலை வேறு வீட்டுக்குக் கொடுக்க எடுத்துக்கொண்டு போகவேண்டும். பாலு அண்ணன் கட்டிலில் இருந்தார். வலது கையை அசைக்க முடியவில்லை, பேச்சும் குழறியது. முதலாளி கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வரும்போது வாசலில் தேவகி அக்காவிடம், "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கார் வெச்சி ஜல்தியா இட்டுகினு போயிருப்பேனே. பாவா பெருசு?" என்று கேட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அந்த மனிதருக்குப் பயந்துதான் இரண்டரை வருடம்.

அவர் போன பிறகு நாங்கள் இருவரும் காலியான தறி பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். தேவகி அக்கா திடீரென்று கேட்டாள். "அவனுக்கு இப்ப எப்டி இருக்குதாம், பரிமளா? ஐம்பத்தெட்டுக்கு?"

அன்று காலையில்தான் நான் படித்திருந்தேன். அவனுக்குத் தன் பிள்ளைகளின் பெயர் மறந்துவிட்டதாம். சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுகிறாளாம். இன்று இவளுக்கு இது வேறா என்று நினைத்தேன்.

"நல்லா ஆயிகினு வரானாம்க்கா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே பாலு அண்ணன் இருமுவது கேட்டது.

"நீ பதில் சொல்ல லேட்டாச்சி" என்றாள்.

நான் போனை எடுத்து, அந்தச் செய்தியை முதல் வரியிலிருந்து அவளுக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.