அம்மன் அச்சடித்த நோட்டீஸ்

என் அக்கா பாக்கியம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வழுக்கி விழுந்தபோது காலை ஏழு மணி. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பகல் கொழுந்து நிறுக்க வந்தவர்கள் பார்க்கும்வரை ஐந்து மணிநேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறாள். அந்த ஐந்து மணிநேரமும் நான் கண்டி டவுனில் த்ரீவீலை நிறுத்திவிட்டு, பக்கத்து வண்டிக்காரனிடம் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அக்கா கொழுந்து பறித்து என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். நான் பாலத்துக்குக் கீழே உட்கார்ந்து மீன் பிடித்தேன். இதுகூட நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுவது. என் வார்த்தைகளில் பாதியைக் கோயில் வெளியிடும் மலரில் போட முடியாது என்று வெட்டிவிட்டாள். அதனால்தான் இவ்வளவு மரியாதையாக இருக்கிறது.

அக்காவுக்கு இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. கண்டி ஆஸ்பத்திரியில் நல்லபடியாக ஒப்பரேஷன் செய்தார்கள். இனித் தனியாக விடக்கூடாது, எழுந்திருக்கவும் குளிக்கவும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று டொக்டர் சொன்னார். எங்கள் வீடு ரோட்டிலிருந்து ஐம்பத்தெட்டுப் படி கீழே. மனைவி பல்லேகலையில் கார்மெண்ட் வேலைக்குப் போகிறாள். நான் வண்டியை நிறுத்திவிட்டு மூன்று வாரம் அக்காவைப் பார்த்துக்கொண்டேன். கஞ்சியை அடிப்பிடிக்க வைத்தேன். மாத்திரையை மாற்றிக் கொடுக்கப் போய் மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"தம்பி, நீ என்னயப் பாத்துக்கிறியா, நான் ஒன்னயப் பாத்துக்கிறேனா?" என்றாள் அக்கா. அடுத்த வாரமே பிடிவாதமாக ஹந்தானை மலைமேலே தன் லயத்து ஒற்றைக் காம்பராவுக்குத் திரும்பிப் போய்விட்டாள். கல்யாணம்கூடச் செய்யாமல் என்னை வளர்த்தவள். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு நாள் வண்டி ஓட்டும்போதே ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பின்னால் இருந்த பெண், வண்டி எங்கே போகிறது என்று பயந்து பாதியிலேயே இறங்கிவிட்டாள்.

எங்கள் தோட்டத்தில் அக்காவோடு சேர்த்துத் தனியாக இருந்த முதியவர்கள் பத்துப் பேர். பழைய டிஸ்பென்சரிக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. பத்துக் கட்டில் போடலாம். வாசலில் படியில்லை, கக்கூசும் உள்ளேயே. அதை முதியோருக்கு வாங்கித் தர வேண்டும் என்று கோயில் கமிட்டிதான் முயற்சி எடுத்தது. தோட்டத்து மேனேஜர் துரை நல்ல மனிதர். கட்டடம் தருகிறேன் என்றார். ஆனால் இரண்டு பட்டியல் கேட்டார். யார் யார் தங்கப் போகிறார்கள் என்று ஒன்று. அவர்களை நாள் தவறாமல் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று இன்னொன்று. இரண்டாவது இல்லாமல் சாவி தர மாட்டேன் என்றார். அது நியாயம்தான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினோம். ஒரு பதிலும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் மாரியம்மன் முன்னால் போய் நின்றேன். "அம்மா, எங்க அக்காவுக்கு ஒரு வழி சொல்லு. எழுதிக் காட்டாத, எனக்குப் படிக்கத் தெரியாது. புரியிற மாதிரி சொல்லு" என்று கேட்டேன். நான் கேட்டதில் அதுதான் பிழை. அவள் எழுதித்தான் காட்டினாள்.

திருவிழா நெருங்கியது. எங்கள் கோயிலில் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய செலவும் வேலையும் அவர்களுடையது. மாலை மரியாதையும் அவர்களுக்குத்தான். நோட்டீசில் பேர் வராவிட்டால் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போக மாட்டார்கள். கமிட்டிச் செயலாளர் தங்கவேல் ஐயா என்னிடம் இரண்டு கடதாசி கொடுத்தார். ஒன்று உபயகாரர் பட்டியல், டவுனில் பிரஸ்சுக்கு. மற்றது தங்கப் போகும் பத்துப் பேரின் பட்டியல், துரையின் ஒபிசுக்கு. இடது பை பிரஸ், வலது பை துரை என்று மனப்பாடம் செய்துகொண்டேன். போகும் வழியில் பெட்ரோல் அடிக்க நிறுத்தி, காசு எடுக்க இரண்டு பையையும் துழாவி, கடதாசிகளை வெளியே எடுத்துத் திரும்ப வைத்தேன். மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரஸ்காரர் போன வருஷ நோட்டீசில் பேரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்தார். லயம் லயமாக நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பஸ் ஹோல்ட்டில் பசை தடவி ஒட்டினேன். நேராகத்தான் ஒட்டினேன், அந்த ஒரு விஷயத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் செல்லையா முதலாளி வந்தார். டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். முதலாம் நாள் உபயம் அவர் அப்பா காலத்திலிருந்து அவர்களுடையது.

"முதலாம் நாள் உபயம், பாக்கியம்னு போட்டிருக்கு. யாருடா அது?"

"எங்க அக்காங்க."

வேறு என்ன சொல்வது? பத்து நாளுக்கும் பத்துக் கிழடுகளின் பேர். நான் வேண்டுமென்றே செய்தேன் என்று கமிட்டி முழுக்க நம்பியது. இத்தனை வருஷம் பகிடி விட்டவன், அன்றைக்கு உண்மையைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. திரும்ப அச்சடிக்க நாளும் இல்லை. ஸ்பீக்கரில் பிழை என்று அறிவித்துவிடுவோம் என்றார்கள்.

மறுநாள் கொடியேற்றம். அறிவிப்பதற்கு முன்னாலேயே அக்கா வந்துவிட்டாள். யாரோ நோட்டீசை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். மஞ்சள் சேலை கட்டி, தேங்காய்த் தட்டோடு, இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கதிரையில் உட்கார வைத்தார்கள்.

"செக்ரோல் சம்பளப் புத்தகத்துல தவிர எம்பேரு எங்கயும் இருந்ததில்ல தம்பி," என்றாள் என்னிடம். "ஆத்தா கூப்பிட்டுட்டா."

நான் பகிடி விடாமல் அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டேன். என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

ஐயர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய உபயம் யாருடையது என்று கேட்டார். பூ, பழம், மேளம் எல்லாம் முதலாளி ஏற்பாடு செய்தது. அவர் நோட்டீசைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவள் தேங்காய்த் தட்டை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள்.

"அவங்களுக்கே போடுங்க சாமி," என்றார்.

உபயகாரர் அம்மனுக்கு முன்னால் வீதி சுற்ற வேண்டும். அக்காவால் நாலு எட்டு வைக்க முடியாது. முதலாளி ஒரு பக்கமும் அவர் சம்சாரம் மறு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். அம்மனும் மேளக்காரர்களும் அக்காவின் நடைக்கு ஏற்ற மாதிரி மெதுவாக வந்தார்கள். அந்த மனிதரின் தொப்பையைப் பற்றி நான் விடாத பகிடி இல்லை. அன்றைக்கு அந்தக் கையைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது. அடுத்தடுத்த நாள்களில் மற்றக் குடும்பங்களும் அப்படியே செய்தார்கள். பத்து நாளும் பத்துப் பேர் மாலை போட்டுக்கொண்டு வீதி சுற்றினார்கள்.

திருவிழா முடிந்து, துரையிடம் மன்னிப்புக் கேட்டுச் சரியான பட்டியலைக் கொடுக்கக் கமிட்டி போனது. குற்றவாளி என்பதால் என்னையும் கூட்டிப்போனார்கள். நான் முன்பு கொடுத்த கடதாசி துரையின் மேசையிலேயே இருந்தது. உபயகாரர் பட்டியல். முதலாம் நாள் இந்தக் குடும்பம், இரண்டாம் நாள் அந்தக் குடும்பம்.

நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன் அவர் சொன்னார்: "நல்ல ஏற்பாடு. அவங்களப் பாத்துக்க ஒரு நாளைக்கு ஒரு குடும்பம். ஆனா பத்து நாளைக்குத்தான் ஆள் இருக்கு. மாசத்துல மிச்சம் இருபது நாளைக்கு யாரு?"

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். முதலாளிதான் பேசினார்.

"இருக்காங்க தொர. கொண்டு வர்றோம்."

ஒரு வாரத்தில் முப்பது குடும்பம் நிரம்பியது, துரையும் சாவியைத் தந்தார். அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானாவும் ஒரு நாள் கேட்டு வாங்கினார். உபயக் குடும்பம் அன்றைய சாப்பாட்டைக் கொண்டுவர வேண்டும், ஒருவர் பகல் முழுக்கக் கூட இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வுபெற்ற சரோஜா அங்கேயே தங்கிக் குளிப்பாட்டி, மருந்து கொடுக்கிறார். அவருக்குச் சம்பளம் எல்லோரும் சேர்ந்து. முதலாளி தன் கடையிலிருந்து பைப் கொண்டுவந்து சுவர் நெடுகக் கைப்பிடி அடித்தார். அக்காவின் கட்டில் ஜன்னலோரம். இப்போது கைப்பிடியைப் பிடித்துத் தனியாகவே கக்கூசுக்குப் போய் வருகிறாள். போகும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பாள், நீ வைத்த கஞ்சியைவிட இது மேல் என்கிற மாதிரி.

எனக்கும் பத்தொன்பதாம் தேதி உபயம். அன்றைக்கு வண்டி ஓடாது. சமைப்பது மனைவி, பகிடி மட்டும் என்னுடையது.

உபயப் பட்டியலை நோட்டீஸ் மாதிரியே அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். போன மாதம் அக்காவிடம் கேட்டேன், இதில் என் பேர் எங்கே என்று. பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவள், ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இந்தா, இதான்."

அது என் பேரா, அக்குறணை நானாவின் பேரா, எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனால் நான் நம்பினேன்.

அன்பான அடியார்களே, நான் சொல்வது அவ்வளவுதான். அம்மன் எழுதுவது நமக்கு வாசிக்க வராது. அவள் விரல் வைக்கிற இடத்தை நம்புங்கள். என்னைப் போன்ற ஒரு மடையனின் சட்டைப் பையில்கூட அவள் கை போடுவாள்.