செவலைக்கு நான் கொடுத்த ஒரு முழம்

தொண்ணூறுகளின் நடுவில் ஜாசின் என்ற ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு செவலைப் பசு. இரண்டு முறை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை. மூன்றாவது ஊசி போட்டு மூன்று மாதமாகியும் சினையா இல்லையா என்று எங்களுக்குப் புரியவில்லை. "இந்தத் தடவையும் இல்லன்னா சனிக்கிழமை மாட்டு வியாபாரிகிட்ட குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார் செங் என்ற ஊரில் ஃபேக்டரி வேலை பார்த்த என் கணவர். அந்த வியாபாரி வாங்கும் மாடு எங்கே போகும் என்பது ஊருக்கே தெரியும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மாட்டு டாக்டர் வந்து கை விட்டுச் சினை பார்ப்பார் என்று தகவல் வந்தது. மாடு திரும்பாமல் நிற்க மரத்தடுப்பு மட்டும் நாங்கள் கட்டி வைக்க வேண்டும். அகலம் ஒன்றரை முழம் போதுமாம். நான் சும்மா இருப்பேனா? வாயில்லா ஜீவன் மூச்சு முட்டுமே என்று கணவரை நச்சரித்து இன்னொரு முழம் கூட்டிக் கட்ட வைத்தேன்.

டாக்டர் வந்தார். நம் தமிழ்ப் பெண், சின்ன வயசு. செவலை தடுப்புக்குள் போய்த் தவிட்டை நக்கியது. பின்னால் ஆள் நிற்பது தெரிந்ததும் அப்படியே திரும்பி டாக்டரை முறைத்தது.

"இவ்ளோ இடம் விட்டா எப்படிக்கா? ஒதைச்சா என் கை ஒடிஞ்சிடும்லா. அடுத்த மாசம் வர்றேன்."

அடுத்த மாசமா! சனிக்கிழமைக்கு இரண்டே நாள். "கொஞ்சம் பொறுங்கம்மா" என்று உள்ளே ஓடினேன். எங்கள் கட்டிலின் பக்கப் பலகைகளைக் கழற்றி, செவலையை மறுபடி திருப்பி நிறுத்தி, நானும் கணவருமாகத் தடுப்பின் உட்புறம் இரண்டு பக்கமும் அரை முழம் தள்ளி வைத்துக் கட்டினோம். விலா இரண்டு பக்கமும் பலகையில் பட்டதும் செவலை ஒருமுறை சிலிர்த்தது. பிறகு சாந்தமாக நின்றது. எனக்கு ஒரே ஆச்சரியம்.

தோள் வரை உறை மாட்டிய கையை உள்ளே விட்டு, டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடி என்னதான் பார்க்கிறார்? கேட்டே விட்டேன்.

"விரல்தான்கா பாக்குது."

கொஞ்ச நேரத்தில் சிரித்தார். என் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, "கன்னு இப்ப இவ்ளோ நீளம்தான் இருக்கும்" என்றார். விரித்த கையை மடக்கவே மனம் வரவில்லை.

சனிக்கிழமை வந்த வியாபாரி காப்பி குடித்துவிட்டுப் போனார். கட்டில் பலகைகள் தடுப்பிலேயே இருந்ததால் கன்று பிறக்கும்வரை நாங்கள் பாயில்தான் படுத்தோம். இரக்கப்பட்டு நான் கூட்டிய அந்த ஒரு முழம் செவலையின் உயிருக்கே உலை வைத்திருக்கும் என்று நினைப்பதால், யாருக்காவது நல்லது செய்யக் கிளம்பும்போதெல்லாம் என் கால் இன்றும் ஒரு நிமிடம் நின்றுதான் நகர்கிறது.