மடி கேட்ட வீட்டுக்கு இருபத்திரண்டு மைல்

வாசக அன்பரே, சற்று அருகில் வந்து அமரும். நான் மேடையில் வளர்ந்தவன். அவை இல்லாமல் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. ஆகவே இந்தப் பயணத்துக்கு உம்மையே அவையாக்கிக்கொள்கிறேன், சாட்சியாகவும் ஆக்கிக்கொள்கிறேன். தீர்ப்பு வேண்டாம். நாளை எவராவது கேட்டால், "ஆம், அவன் போனான், வந்தான், நான் கண்டேன்" என்று சொல்லும், போதும்.

என் பெயர் கதிரவன். அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கிறது, பெண்பிள்ளைப் பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை. ஊர் என்னைப் பெண்ணென்று வளர்த்தது. நினைவு தெரிந்த நாள் முதல் நான் ஆண். சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அலோர் காஜாவில் இளைஞர் மன்றத்தில் வாதாடுகிறேன். எதிரணியில் எவரும் என்னை வென்றதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவைத்தலைவர், "அடுத்து, செல்வி..." என்று அழைப்பார். நான் எழுந்து நிற்பதற்குள் என் முதல் வாதம் தோற்றுப்போயிருக்கும்.

என் அக்கா பார்வதிக்கு ஒரு மகள், வாணி. எங்கள் வழக்கப்படி பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். "ஒங்க வீட்டுல ஆம்பளப் புள்ள இல்லியே, பாவம்" என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் அக்காவிடம் சொன்னார்கள். அக்கா என்னிடம் வேறு சொன்னாள்: "மடி நீதான் தரணும். தை மாசம் குத்துறோம். அதுக்குள்ள ஒன் ஆபரேசன முடிச்சிட்டு வந்து சேரு."

அவள் கணவர் மாரிமுத்து மாமா எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பெரும் எதிரணியாக இருந்தது. பிள்ளைக்குத் தகப்பன் அவர். அவர் சம்மதியாமல் எந்த மடியும் மடியாகாது.

*

மாமா தோட்டத்து லோரி ஓட்டுபவர். புகையூட்டிய ரப்பர் ஷீட்டுகளை வாரம் ஒருமுறை மலாக்காவுக்கு ஏற்றிச் செல்வார். அந்த லோரியில்தான் புறப்பட்டேன்.

விடிந்தும் விடியாத வேளை. முள்வேலிக்கு அப்பால் பனி மரங்களின் இடுப்புவரை ஏறி நின்றது. ஒரு மரத்துக்கும் கால் இல்லை, எல்லாம் மிதந்தன. அவசரகாலம் வந்த பிறகு எங்கள் காலை இப்படித்தான் தொடங்குகிறது: கேட்டின் முன்னே இரண்டு வரிசை. ஆண்கள் வெளிச்சத்தில் கையைத் தூக்கி நிற்பார்கள். பெண்கள் தகரத் தட்டியின் பின்னே ஒவ்வொருவராகப் போவார்கள். காட்டில் மறைந்திருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு அரிசியோ மருந்தோ போய்விடக் கூடாது என்று உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பார்கள்.

தட்டியின் பின்னே பச்சையம்மாக்கா இருந்தாள். பெண்களைச் சோதிக்கச் சம்பளம் வாங்குபவள். அவள் கை என் மார்பைச் சுற்றி இறுக்கியிருந்த துணியில் வந்து நின்றது.

"என்னடி இது இத்தன சுத்து? புடவையா, பாயா?"

"நாலு வருசமா அதே சுத்துதான்க்கா."

"தெரியும் லா. மூச்சு முட்டலியான்னுதான் கேட்டேன்." கையை எடுத்துக்கொண்டாள். "போ. பத்திரமா போயிட்டு வா."

லோரி நகர்ந்தது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து அலோர் காஜா ஏழு மைல். அங்கிருந்து மலாக்கா பதினைந்து. மாமா பாதையைப் பார்த்தார், பீடியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் என்னைக் "கொழுந்தியா" என்று கேலி செய்வார். அக்காவிடம் நான் உள்ளதைச் சொன்ன நாளிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டார். அதன் இடத்தில் வேறொரு சொல்லையும் வைக்கவில்லை. "ஏ... கதவ நல்லா சாத்து" என்பார். அந்த "ஏ"க்குப் பின்னால் ஒரு வெற்றிடம். இருபத்திரண்டு மைலும் அந்த வெற்றிடம் எங்கள் இருவருக்கும் நடுவே அமர்ந்து வந்தது.

கெலெமாக், பாயா ரும்புட், செங். பெயர்கள் பனியிலிருந்து எழுந்து வந்து பனியிலேயே கரைந்தன. கடலோரப் பகுதியை "வெள்ளைப் பகுதி" என்று அறிவித்துவிட்டார்கள். அங்கே ஊரடங்கு இல்லை, சோதனை இல்லை. அந்த எல்லையைக் கடந்தபோது வானம் திறந்தது. வழியோரத்தில் ஒருவன் ஒரு மூட்டை அரிசியைச் சைக்கிளில் வைத்து, பாடிக்கொண்டு போனான். எங்கள் பக்கத்துக் கண்களுக்கு அது கனவுக் காட்சி.

*

மருத்துவமனையின் பெயரை எழுதாமல் விடுவதாக மருத்துவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே, ஓடு வேய்ந்த சிறிய கட்டடம். மருத்துவர் யாழ்ப்பாணத்தார். முதல்முறை போனபோது மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்:

"எவ்வளவு காலமா உமக்கு இந்த எண்ணம்?"

"எண்ணம் அல்ல ஐயா, இருப்பு. எண்ணம் வரும், போகும். நான் வந்ததும் இல்லை, போவதும் இல்லை."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. ரத்தம் எப்பிடி எண்டு பாப்பம்."

ரத்தம் என் பேச்சுக்கு ஈடாக இல்லை. தோட்டத்தில் வெறுங்காலுடன் நடப்பவர்களுக்கு வரும் கொக்கிப்புழு எனக்கும் இருந்தது. அறுவைக்கு முன்பு புழு மருந்தும் இரும்பு டானிக்கும் மாதக்கணக்கில் குடிக்கச் சொன்னார். நாக்கு கறுத்தது. அக்கா லயத்து முருங்கையை மொட்டையடித்தாள். பால்மரம் சீவிச் சேர்த்த நூற்றெண்பது வெள்ளிப் பணத்தை ஒரு துவாலையில் முடிந்துகொண்டேன். இதுதான் என் ஆயத்தம். போருக்குப் போகிறவன் வாளைத் தீட்டுவான். நான் ரத்தத்தைத் தீட்டினேன்.

லோரியில் வந்து சேர்ந்த அன்று மேசையில் படுக்கவைத்து முகத்தில் வலைத்துணியை வைத்தார்கள். அழுகிய பழமும் பெட்ரோலும் கலந்ததுபோல் ஒரு தித்திப்பு வாடை. "ஒண்டிலிருந்து எண்ணும்" என்றார் மருத்துவர். நான் எண்ணவில்லை. "அவைத்தலைவர் அவர்களே" என்று தொடங்கினேன். அதன்பின் அவை விரிந்தது. பால்மரங்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருந்தன. ஒவ்வொன்றின் மடியிலும் ஒரு கோப்பை. கோப்பைக்குள் வெள்ளையாக ஒலி சொட்டியது. நான் பேசினேன், என் குரல் கேட்கவில்லை. கேட்கவில்லை என்ற கவலையும் இல்லை. யாரும் என்னை எப்பெயராலும் அழைக்கவில்லை. அவ்வளவு நிம்மதியான அவையில் நான் அதற்கு முன்பு நின்றதில்லை.

விழித்தபோது கடல் வாசம். நெஞ்சின் மேல் யாரோ ஓர் இரும்புக் கதவைச் சாத்தி வைத்ததுபோல் கனம். வாந்தி வந்தது. மிஸ்ஸி என்று நாங்கள் அழைக்கும் தாதி ஒருத்தி பாத்திரத்தை நீட்டினாள். அவளும் யாழ்ப்பாணத்தாள், பெயர் தங்கரத்தினம்.

"இருமல் வந்தா இந்தத் தலகணியக் கட்டிப் பிடியும் தம்பி. விட்டா தையல் பிய்ஞ்சு போம்."

தம்பி! இருமல் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் அந்தத் தலையணையையே கட்டிக்கொண்டேன்.

அங்கே நாட்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. சன்னலுக்கு வெளியே ஆறு காலையில் கடலுக்குப் போகும், மாலையில் கடலையே அழைத்துக்கொண்டு திரும்பும். கரி ஏற்றிய படகுகள் ஓசையின்றி வரும். தொழுகை அழைப்பு, தேவாலய மணி, சீனர் கோயிலின் பத்திவாசம், ஒன்றன்பின் ஒன்றாகச் சன்னலைத் தாண்டிப் போகும். காய்ச்சலில் சில வேளை கட்டில் நங்கூரம் அறுந்து அந்த ஆற்றில் மிதந்தது.

தேறத் தொடங்கியதும் பேச்சுப் பயிற்சி செய்தேன். பழக்கத்தில் வலது கை தானாக உயர்ந்தது. நெஞ்சில் தீப்பொறி பறந்தது.

"கையத் தூக்காதையும்!" மிஸ்ஸி ஓடிவந்தாள். "தோளுக்கு மேல கை போகக் கூடாது. மேடையெல்லாம் பிறகு பாப்பம்."

"கை இல்லாமல் பேச்சாளன் எப்படிப் பேசுவான், மிஸ்ஸி?"

"வாயால."

கட்டுப் பிரித்த அன்று கண்ணாடி கொடுத்தாள். மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றிப்போன தோல். இரண்டு பக்கமும் கறுப்புத் தையல்கள், மரத்தில் ஏறும் எறும்பு வரிசைபோல. அழகென்று சொல்ல மாட்டேன். என்னுடையது என்று சொல்வேன். என் மூச்சு எதன்மேலும் இடிக்காமல் உள்ளே போய் வெளியே வந்ததை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்படும்போது ஒரு சிக்கல். கட்டுத்துணியும் டிங்சரும் காட்டுக்குப் போகும் சரக்கு. பையில் கொண்டுபோனால் கேட்டில் பிடிப்பார்கள். "அப்ப மேலயே சுத்திவிடுறன்" என்று மிஸ்ஸி இரட்டைக் கட்டுப் போட்டாள். சட்டைக்குள் நான் ஒரு மூட்டைபோல் ஆனேன்.

*

மாமா லோரியுடன் வாசலில் நின்றார். ஏறுவதற்கு என் கையைப் பிடிக்க வந்து, எங்கே பிடிப்பதென்று தெரியாமல், முழங்கையைத் தாங்கினார்.

அலோர் காஜாவில் ஒரு கோப்பிக்கடை. பால் சேர்க்காத கோப்பி ஓ பத்துக் காசு. மாமா இரண்டு வாங்கினார். ஆற்றிக் கொடுத்தபடி, சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"தை மாசம் நெருங்கிருச்சு. ஒங்கக்கா மடி கேக்குது."

"நீங்கள் என்ன சொன்னீர்கள், மாமா?"

"குடி. கேட்டு சாத்துறதுக்குள்ள போவணும்."

மேடையில் எத்தனையோ பேரைக் கேள்வியால் மடக்கியிருக்கிறேன். அந்தக் கோப்பிக்கடையில் இரண்டாவது கேள்வி கேட்க எனக்குத் துணிவில்லை.

வெயில் சாயும் நேரம் தோட்டத்து கேட்டை அடைந்தோம். உள்ளே போகிறவர்களுக்கும் சோதனை உண்டு. அதே இரண்டு வரிசை. நான் லோரியிலிருந்து இறங்கி ஆண்கள் வரிசையின் கடைசியில் நின்றேன். காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ராமு எங்கள் லயத்துக்காரன்தான்.

"ஏய், நீ அந்தப் பக்கம்." துப்பாக்கியால் தட்டியைக் காட்டினான். நான் நகரவில்லை. அவன் பார்வை என் சட்டையில் விழுந்தது. "உள்ள என்ன இத்தன பொடப்பு? அரிசியா? கைய தூக்கு!"

தூக்க முடியவில்லை. வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. தட்டியின் பின்னே போனால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வாணியின் காதுகுத்தும் அங்கேயே முடிந்துவிடும்.

லோரிக் கதவு சாத்தும் சத்தம். மாமா வந்தார்.

"யோவ் ராமு, தொடாத. ஆபரேசன் பண்ண ஒடம்பு. கை தூக்க முடியாது. பையப் பாரு, காலப் பாரு, நெஞ்ச விட்டுரு."

"அப்ப பொம்பள வரிசைக்குப் போவச் சொல்லு."

"அங்க எதுக்கு? அவன் என் மச்சான்யா."

"மச்சானா? ஒனக்கு ஏதுய்யா மச்சான்?"

"இப்பதான் வந்தான், மலாக்காவுலேருந்து. நாந்தான ஏத்திட்டு வந்தேன்!"

யாரோ சிரித்தார்கள். ராமு அட்டையை நீட்டச் சொல்லிப் பார்த்தான். "கார்டுல வேற பேரு இருக்கே?"

"கார்டு அதும் பாட்டுக்கு இருக்கட்டும் லா. ஆளு இங்க நிக்கட்டும்."

தட்டிக்கு மேலே பச்சையம்மாக்காவின் தலை எட்டிப் பார்த்தது. "டேய் ராமு, அன்னிக்குப் போறப்பவே அது சுத்துத் துணின்னு நான் பாத்துட்டேன். உள்ள அரிசியும் இல்ல, பருப்பும் இல்ல. எனக்கு ஒரு ஆளு கொறஞ்சா நல்லதுதான், சம்பளத்தயா பிடிக்கப் போறாங்க? விடு."

ராமு என் பையைக் குடைந்தான், கால்சட்டைப் பைகளைத் தட்டினான், கணுக்காலைத் தடவினான். ஆண்களைச் சோதிப்பதுபோலவே, அலட்சியமாக. "போ" என்றான்.

கேட்டுக்கு உள்ளே பார்வதி அக்கா வாணியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தை என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. தூக்க எனக்கு இன்னும் அனுமதியில்லை. மாலைப் பனி மறுபடியும் மரங்களின் காலை மறைத்துக்கொண்டிருந்தது. மலாக்காவில் கடல் பெரியது, வானம் பெரியது, அரிசி தாராளம். இங்கே முள்வேலிக்குள் ஒரே ஒரு சொல்லைப் பெற்றேன், அதைக் கடலோரத்தில் எவராலும் எனக்குத் தந்திருக்க முடியாது.

பின்னால் இரண்டு வரிசையும் இன்னும் கலையவில்லை. எனக்குத் தெரிந்த எடுப்பும் தொடுப்பும் முடிப்பும் எல்லாம் மறந்துபோயிருந்தன. கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்க, மாமாவைப் பார்த்து எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்:

"மச்சான், தை மாசம் வாணிக்குக் காது குத்தறப்போ, மடி என்னோடது."