எடுத்துக் கொடுக்காத வரி

எங்கள் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி ராயபுரம் ரயில் நிலையத்துக்கு வடக்கே, பழைய கிடங்கு ஒன்றில் நடந்தது. சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. படித்தவர்கள் எல்லோரும் பெண்கள். வருடத்துக்கு மூன்று நாடகம் போடுவது அங்கே வழக்கம். ஆகஸ்டில் ஒன்று, கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் ஒன்று, ஆண்டு விழாவுக்கு ஒன்று. ஆண் வேஷமும் நாங்களே கட்டுவோம். நாடகத்தை எழுதுவது, சொல்லிக் கொடுப்பது, மேடையேற்றுவது எல்லாம் தமிழ் டீச்சர்தான்.

அந்த வருடம் ஆகஸ்ட் நாடகத்தில் ஒரு குடிகாரத் தகப்பன் பாத்திரம் இருந்தது. யாரும் எடுக்கத் தயாராக இல்லை. காசிமேட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருத்தி கையைத் தூக்கினாள். மீன்பிடிக்கிற குடும்பம். அம்மா கூடையில் மீன் விற்றுத்தான் அவளைப் படிக்க வைத்தாள். வகுப்பில் அவள் வாயைத் திறந்தால் 'கீது', 'இன்னா' என்றுதான் வரும். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். மேடையில் அவள் தள்ளாடி வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது சபையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. எனக்கு அதில் அவளுடைய மனைவி வேஷம். நான் அழுததை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் நாடகம் ராஜா கதை. கோள்மூட்டியவர்களின் பேச்சைக் கேட்டு ஒரு ராஜா தன் தம்பிக்கே மரண தண்டனை விதித்துவிடுகிறான். கடைசிக் காட்சியில் தம்பியின் உடலைக் கொண்டுவந்து கிடத்துவார்கள். ராஜா மண்டியிட்டுப் புலம்ப வேண்டும். எல்லாம் செந்தமிழ் வசனம். என் அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. வீட்டில் ஒரு சொல் பிசகினாலும் திருத்துவார். ராஜா வேஷம் எனக்குத்தான் வரும் என்று வீட்டில் சொல்லியும் விட்டேன்.

டீச்சர் அந்த ராஜா வேஷத்தைக் காசிமேட்டுக்காரிக்குக் கொடுத்தார். என்னைப் பார்த்து, "உச்சரிப்பை நீ சரி பண்ணிவிடு. அன்றைக்குப் படுதாவுக்குப் பக்கத்தில் நின்று வசனமும் நீயே எடுத்துக் கொடு" என்றார்.

தினமும் சாப்பாட்டு வேளையில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் சலிக்காமல் திருப்பிச் சொல்வாள். 'ழ' வந்த அன்று என்னைக் கட்டிக்கொண்டாள். ஒருநாள், அழுகிற காட்சிக்கு வந்தபோது, தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். கட்டுமரத்தில் போனவனை மூன்றாம் நாள் கரையில் கண்டெடுத்தார்களாம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவன் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பினாளாம். "ஏந்திர்ரா நைனா, கஞ்சி ஆறிப் போவுதுன்னு சொல்லிகினே இருந்துச்சி" என்றாள். நான் வசன நோட்டைப் புரட்டினேன்.

நாடகத்தன்று சாயங்காலம் நெற்றியில் கிரீடத்தை அழுத்திக்கொண்டு என்னிடம் வந்தாள். "கடைசி சீன் மறந்துட்டா?"

"நான் இருக்கிறேனே."

"ஆமா. நீ பக்கத்துல கீறே, எனக்கின்னா பயம்?"

நாடகம் நன்றாகவே போனது. மிக நன்றாக. முன்வரிசையில் என் அப்பாவும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். படுதாவின் இடுக்கு வழியாக அவர் முகம் எனக்குத் தெரிந்தது. என் பேச்சை அவர் அப்படிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கடைசிக் காட்சி. தம்பியைக் கிடத்தினார்கள். அவள் மண்டியிட்டாள். "என் ஆணையே..." என்று தொடங்கி நின்றாள். தலையை லேசாக என் பக்கம் சாய்த்தாள். மறந்துவிட்டது.

என் விரல் அந்த வரியின் மேல்தான் இருந்தது. 'என் ஆணையே உன் உயிரைக் குடித்ததோ, தம்பி.' ஆறு சொல். தொண்டை அடைத்துக்கொண்டது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அடைக்கவில்லை. பக்கம் புரண்டுவிடவும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அவள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் திரும்பித் தம்பியின் கன்னத்தைத் தட்டினாள்.

"ஏந்திர்ரா நைனா. இன்னாடா இப்பிடி படுத்துகினு கீறே? கஞ்சி ஆறிப் போவுதுடா."

ஒருவர் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. கிரீடம் வைத்த ராஜா கஞ்சிக்குக் கூப்பிடுகிறான் அல்லவா! செத்துக் கிடந்த தம்பியின் வயிறும் குலுங்கியது. அவள் மட்டும் நிறுத்தவில்லை. அதே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு உண்மையிலேயே அழுதாள். கடைசி வரிசையில், சுவரை ஒட்டி, அவள் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். டீச்சர் கையசைத்தார். திரையை இழுத்துவிட்டார்கள்.

உள்ளே டீச்சர் கொதித்துப் போய் நின்றார். "இத்தனை நாள் உழைப்பைச் சிரிப்பாய் ஆக்கிவிட்டாயே!" என்று அவளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ எடுத்துக் கொடுத்தாயா இல்லையா?"

"கொடுத்தேன் டீச்சர். இரண்டு தடவை."

அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஆமா டீச்சர், அவ சொல்லிக்கீறா. எனக்குத்தான் காதுல வுழல."

திங்கட்கிழமை இரண்டு காதிலும் பஞ்சோடு வந்தாள். அம்மா எண்ணெய் காய்ச்சி ஊற்றினாளாம். ஜனவரியில் ஒருநாள் மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு அந்த அம்மா அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். "அவருக்கு இன்னா தெரியும்?" என்று என்னிடம் சொன்னாள். "நீ ரெண்டு தபா சொல்லியும் கேக்கலியே." ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஒரு வாரம் போனதும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் பதில் வேண்டியிருந்தது.

ஆண்டு விழா நாடகத்துக்கு டீச்சர் கோபம் ஆறி அவளைத்தான் முதலில் கேட்டார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். வேஷம் எனக்கு வந்தது. ஒரு எழுத்துப் பிசகாமல் பேசி முடித்தேன். கைதட்டினார்கள். "உச்சரிப்பு சுத்தம்" என்றார் டீச்சர். அதற்குமேல் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. அவள்தான் ஓடிவந்து என் கையைப் பிடித்து, "ஷோக்கா பண்ணேடி" என்றாள். அந்தக் கையை உதற வேண்டும்போல் இருந்தது.

ஏழெட்டு வருடம் கழித்து அவளை ராயபுரம் பிளாட்பாரத்தில் பார்த்தேன். திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தாள்.

"ஏய், நீயாடி! இன்னா இப்பிடி எளைச்சிட்டே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். அவள் பள்ளியில் பிள்ளைகள் வருடா வருடம் நாடகம் போடுகிறார்களாம். சொல்லிக் கொடுக்கும்படி தலைமை ஆசிரியை கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். "வேணாம்மான்னுட்டேன். இந்தக் காதை வெச்சிகினு பசங்க மானத்தையும் வாங்கணுமா?"

அதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது; பழக்கத்தால் வந்த சிரிப்பு. அதன்பின் என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"உன் காதுல ஒரு கோளாறும் இல்ல" என்றேன். "அன்னிக்கு நான் அந்த வரியைச் சொல்லவே இல்ல."

"இன்னாது?"

"வேணும்னுதான் சொல்லல. எனக்கு ராஜா வேஷம் கிடைக்கலேன்னு. டீச்சர்கிட்ட பொய் சொன்னேன்."

என் கையைப் பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். நாலு பேர் பார்க்க அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, சொல்லியிருந்தா கேட்டிருக்கும்" என்றாள், தனக்குத்தானே.

வண்டி வந்து நின்றது. இருவரும் போக வேண்டியது அதே வண்டிதான். நான் எழுந்து அவளுக்காக நின்றேன். அவள் எழவில்லை.

"நீங்க ஏறுங்க" என்றாள். "நான் அடுத்த வண்டியில வரேன்."

அவள் என்னை ஒருநாளும் 'நீங்க' என்று சொன்னதில்லை. நான் ஏறிக்கொண்டேன்.