மூன்று நாள் காத்திருக்காத சொர்ணம்

கடப்பாக்கம் குப்பத்துச் சொர்ணம் மீன் விற்க வந்தால், அவள் வருவதற்கு முன்பே குரல் தெருமுனையைத் திரும்பிவிடும். பிள்ளை பெற்ற வீடுகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பால் ஊறுவதற்கு அங்கே பால்சுறா கேட்பார்கள். வேறு யார் கேட்டாலும், பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுத்தது போகத்தான் மிச்சம்.

1974 ஐப்பசியில் அவளுக்கே மூன்றாவது பிள்ளை, நிறைமாதம். “இன்னும் பத்து நாள் கீது” என்று புருஷன் நீலமேகத்திடம் சொல்லிவிட்டுக் கூடையோடு பஸ் ஏறினாள். கரையிலிருந்து ஏழெட்டு மைல் தள்ளியிருந்த கிராமத்தில், வாடிக்கைக்காரி பூவாயியின் வாசலில் மீனை எடுத்துக் கொடுக்கும்போதே வலி கண்டது. பூவாயி அவளை உள்ளே படுக்கவைத்து, ஊர் மருத்துவச்சியைக் கூட்டிவந்தாள். மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது.

“மூணு நாளிக்கி மாரு குடுக்காத. சக்கரத் தண்ணி போதும்” என்று சொல்லிவிட்டு மருத்துவச்சி கிளம்பினாள்.

சொர்ணத்துக்கு அது புதிதல்ல. முதல் இரண்டு பிள்ளைகளின்போதும் மஞ்சளாய் வந்த பாலைச் ‘சீக்குப்பால்’ என்று பீய்ச்சிக் கீழே ஊற்றினார்கள். மூன்றாம் நாள் மார் கல்லாய்க் கட்டிக்கொண்டு, அவள் காய்ச்சலில் கிடந்தாள். பிள்ளைகள் சப்பத் தெரியாமல் வீறிட்டன.

பூவாயி வீட்டுப் பசு முந்தின நாள்தான் கன்று போட்டிருந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்கு ஆகுமோ ஆகாதோ என்று யோசித்தபடியே, வெல்லம் போட்டு அவித்த சீம்பாலில் ஒரு துண்டைக் கிண்ணத்தில் வைத்து நீட்டினாள்.

சொர்ணம் ருசித்துத் தின்றாள். “கன்னுக்குட்டிக்கு இத குடுத்தியாடி?”

“பின்ன? அதுக்குத்தான் மொதல்ல. அது குடிக்கலன்னா கால் ஊணி நிக்குமா?”

சொர்ணம் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மகளைத் தூக்கி மாரில் அணைத்தாள்.

பூவாயி பதறிப்போனாள். “அய்யய்யோ, இன்னாடி பண்ற? மூணு நாள் ஆவட்டும்னாங்க இல்ல?”

“உன் கன்னுக்கு ஒரு நாயம், என் பொண்ணுக்கு ஒரு நாயமா? சும்மா கெட.”

குழந்தை இரண்டு முறை நழுவவிட்டு, மூன்றாம் முறை இறுகப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் நீலமேகம் வண்டி பிடித்து வந்து இருவரையும் அழைத்துப் போனான். மாமியார் மீனாட்சி சர்க்கரைத் தண்ணீரும் விளக்கெண்ணெயுமாகத் தயாராக இருந்தாள். நடந்ததைக் கேட்டதும் மருமகளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பேச்சுதான் நின்றது, மணிக்கொரு தரம் எட்டிப் பார்ப்பது நிற்கவில்லை. விளக்கெண்ணெய் இல்லாமலே குழந்தைக்கு வயிறு நன்றாகக் கழிந்தது. குடித்தது, தூங்கியது, மறுபடி குடித்தது. மூன்றாம் நாள் சொர்ணத்துக்குக் காய்ச்சல் வரவில்லை. வாசலில் மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்தவர்களை உள்ளே இருந்தபடியே அதட்டிக்கொண்டிருந்தாள்.

“இம்மாம் தொண்ட வர்றதப் பாத்தா ஒடம்பு நல்லாத்தான் கீது” என்றாள் மீனாட்சி மகனிடம். பிறகு உள்ளே போய், யாரும் கேட்காமலே பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் பால்சுறாவோடு இந்தக் கதையும் வீடு வீடாகப் போனது. வாடிக்கை வீடுகளில் ஒன்றான ஜானகிராமன் வீட்டு அம்மாள், “மீன குடு, பேச்ச வுடு” என்று கதவைச் சாத்தினாள். சொர்ணம் நாலடி நடப்பதற்குள் பக்கவாட்டுக் கதவு திறந்தது. இரண்டு நாளைக்கு முன் பிள்ளை பெற்ற மருமகள் அம்சா நின்றிருந்தாள்.

“அக்கா, மஞ்சளா வருதே, பரவால்லியா?”

“அதாண்டி வோணும். போய்க் குடு.”

அடுத்த வாரம் அந்த அம்மாளே வாசலுக்கு வந்து, ஒன்றும் நடக்காததுபோல, “பேரன் நல்லா குடிக்கிறான், சொறா கொஞ்சம் சேத்துப் போடு” என்றாள்.

நாலு வருஷம் கழித்து நர்ஸ் மேரி அந்தக் கிராமத்துப் பெண்களைக் கூட்டி, சீம்பாலின் அருமையைப் படம் காட்டிச் சொன்னாள். பூவாயி எழுந்தாள். “இது எங்களுக்குத் தெரியும்மா. மீன்காரி சொர்ணம் எப்பவோ சொல்லிட்டா.”

மேரி சொர்ணத்தை பஸ் நிறுத்தத்தில் பிடித்தாள். “இதையெல்லாம் எங்கே கத்துக்கிட்டீங்க?”

“மாட்டுகிட்டதான் நர்சம்மா.”

சிரித்து முடித்த மேரி, அடுத்த ஊருக்குத் துணைக்கு வரச் சொன்னாள். இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். மீன் வாசனைக்கு மேரி ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டாள். சொர்ணமோ டிக்கெட் எடுப்பதற்கு முன்பே, முன்சீட்டில் இருந்த நிறைமாதக்காரியிடம் பேச ஆரம்பித்திருந்தாள்.