சூடும் ஒரு தனித் தட்டும்

எங்கள் வீட்டில் இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் அதற்குப் பெயர் சூடு. சிறுநீர் எரிந்தால் சூடு, அடிவயிறு வலித்தால் சூடு, வெள்ளைப்பட்டால் நல்ல சூடு. கல்யாணமாகி மலேசியாவில் கிள்ளானுக்கு வந்த முதல் வருஷத்தில் எனக்கு மூன்றும் இருந்தன. கணவரின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், பெரிய பானையில் பார்லி காய்ச்சினார். வெந்தயம் ஊறவைத்தார். பாசாருக்குப் போனால் இளநீர் இல்லாமல் திரும்ப மாட்டார். நானும் குடித்தேன். குடித்தால் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது.

வலி வந்து வந்து போனது. குழந்தை மட்டும் வரவில்லை. விசேஷம் ஏதாவது உண்டா என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. அவர்களுக்காக இல்லை, எனக்கே வேண்டும் என்றிருந்தது. வேறு எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதாக நினைவில்லை. கடைசியில் கணவரைக் கூட்டிக்கொண்டு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன்.

பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் கிளமிடியா என்றார். ஏதோ பூச்செடியின் பெயர் போல இருந்தது. உடலுறவில் தொற்றுகிற கிருமியாம். அந்த மாதிரி நோய் எந்த மாதிரி ஆட்களுக்கு வரும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் நான் இல்லை. இரண்டு வேளை குளித்து, திருநீறு வைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்குப் போகிற என் கணவரும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தோமே, இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்றார்களே என்று கேட்டேன். அது எச்ஐவிக்கு மட்டும் பார்த்தது, இதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார். இருவரும் மாத்திரை சாப்பிட வேண்டும், முடிகிறவரை சேர்ந்து படுக்கக் கூடாது என்றும் சொன்னார்.

"எனக்கு ஒண்ணுமே இல்லையே டாக்டர்," என்றார் கணவர்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியல. அவ்வளவுதான். நிறைய பேருக்கு வெளியில தெரியாது."

திரும்பும் வழியில் ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். கார் நின்றிருந்தபோது, கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களோடு எல்லை தாண்டித் தாய்லாந்தில் ஹாட்யாய்க்குப் போய் ஒரு பெண்ணிடம் இருந்ததைச் சொன்னார். ஒரே ஒரு தடவைதான் என்றார். கார் கொஞ்சம் நகர்ந்ததும் தைரியம் வந்தது போல.

"அதெல்லாம் இருக்காது லா. தைப்பூசத்துக்குப் பத்துமலை போனோம்ல, அங்க டாய்லெட்டுல தொத்தியிருக்கும்."

டாய்லெட்டில் உட்கார்ந்து இது வராது என்று டாக்டர் அப்போதுதான் சொல்லி அனுப்பியிருந்தார். முன்னால் நின்ற லோரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. கோபம் வரவில்லை.

அத்தையிடம் டாய்லெட் கதைதான் போனது. எல்லோருக்கும் வசதியான கதை அது. மறுநாள் காலையில் எனக்குத் தனியாக ஒரு தட்டு வந்தது, நீல விளிம்பு போட்ட மெலமின் தட்டு. தனி டம்ளர், தனி சோப்பு. என் துண்டு தனிக் கொடியில் காய்ந்தது. நான் குளித்துவிட்டு வந்தால் குளியலறையில் டெட்டால் வாசனை வரும். அத்தை கெட்டவர் இல்லை. பயந்தார். அந்தத் தட்டில் எனக்குத்தான் பெரிய மீன் துண்டாக வைப்பார்.

மகனுக்குப் பழைய தட்டுதான். தட்டைப் பிரித்தவர்கள் கட்டிலைப் பிரிக்கவில்லை. நான் என் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டேன். அவர் தனக்குத்தான் ஒன்றுமில்லையே என்று அவருடையதைக் காரிலேயே போட்டு வைத்திருந்தார். தள்ளிப் படுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். உனக்குத்தான் சரியாகிவிட்டதே என்றார். சில மாதங்களில் வலி திரும்பி வந்தது. அத்தை மறுபடியும் பார்லியை அடுப்பில் ஏற்றினார்.

இரண்டாவது முறை டாக்டர் அவரை எதிரில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மாத்திரையை விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்குக் கருப்பையில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். முடிவைக் கேட்க இருவரும்தான் போனோம். கிருமி போய்விட்டது என்று முதலில் சொன்னார். படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

"ரெண்டு கருக்குழாயும் அடைச்சிருக்குமா. இனிமே இயற்கையா உண்டாகிறது ரொம்பக் கஷ்டம்."

வேறு வழிகளையும் விளக்கினார். எதுவும் காதில் ஏறவில்லை. அழுகை வரும் என்று கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். அது அப்படியே மடிப்புக் கலையாமல் வீடு வந்து சேர்ந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கணவர் அத்தையிடம், குணமாகிவிட்டது என்றார். குழாயைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். இனிமேல் எல்லாம் நல்லபடியாக நடக்கும், அடுத்த தைப்பூசத்துக்குள் பேரப்பிள்ளை வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே, என் தட்டை மற்ற தட்டுகளோடு சேர்த்து அடுக்கினார்.

இரவு சாப்பாட்டுக்கு அடுக்கில் மேலே இருந்ததை எடுத்துக் கணவர் முன்னால் வைத்தேன். அவர் நீல விளிம்பைப் பார்த்தார்.

"இது உன் தட்டுதானே? நல்லா கழுவிட்டியா?"

"கழுவிட்டேன்," என்று சொல்லிச் சோற்றைப் போட்டேன்.