தம்பி விழுங்கிய ஓட்டைக் காசு

காசு சேர்ப்பதற்கு வயது கிடையாது. எங்கள் வீட்டில் நான் மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்தேன். அப்பா தலை நரைக்க ஆரம்பித்த பிறகு ஆரம்பித்தார். அம்மா எப்போது ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியாது. தம்பி பேச்சு வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான். அவன் ஆரம்பித்த நாள்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

அப்போது பெங்களூர் ஈஜிபுராவில் ஷீட் கூரை போட்ட ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரே அறை. சமையல், சாமி, படுக்கை எல்லாம் அதிலேயே. அப்பாவுக்கு பொம்மசந்திராவில் மெஷின் வேலை. காலை ஷிப்ட் என்றால் இருட்டோடு எழுந்து மெயின் ரோட்டுக்கு ஓடி கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். அந்த பஸ் யாருக்காகவும் நிற்காது.

எனக்கு இந்தப் பழக்கம் மாமாவால் வந்தது. அம்மாவின் தம்பி. ஆட்டோ ஓட்டினார். ஒருநாள் மழையில் ஏறின சவாரி ஒருத்தன், சில்லறையோடு சில்லறையாக ஒரு ஓட்டைக் காலணாவை மாமா கையில் வைத்து அழுத்திவிட்டுப் போய்விட்டான். வெள்ளைக்காரன் காலத்துக் காசு. செம்பு நிறம். நடுவில் விரல் நுனி போகிற அளவுக்கு ஓட்டை. மாமா வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில்தான் பார்த்தார்.

"என்னை ஏமாத்தின காசு இது. பாத்தாலே வயிறு எரியுது. நீ வெச்சுக்கோ பாப்பா" என்று என்னிடம் போட்டார்.

அப்பா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காசு எங்க? இது வாஷர்" என்றார். அவருக்கு எதைப் பார்த்தாலும் மெஷின்தான்.

நான் அதைப் பல்பொடி டப்பாவில் போட்டு வைத்தேன். ஒன்று இருந்தால் இன்னொன்று கேட்கும். மாமா அப்புறம் ஒரு நேபாளக் காசு கொடுத்தார். இலங்கைக் காசு ஒன்று பள்ளிக்கூடத்தில் ரப்பருக்கு மாற்றினேன். டப்பாவை ஆட்டினால் நல்ல சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் தம்பி எங்கிருந்தாலும் தவழ்ந்து வருவான். நடக்கத் தெரியும். அவசரத்துக்குத் தவழ்வான்.

அது மார்கழி மாதம். பெங்களூர்க் குளிர். தம்பிக்குச் சளி பிடித்திருந்தது. குளிப்பாட்டி நாளாகியிருந்தது. உள்ளே பனியன், மேலே மாமா பையனுடைய பழைய ஸ்வெட்டர். அது அவனுக்கு முழங்காலைத் தாண்டித் தொங்கும். அம்மா அதைச் சுருட்டிச் சுருட்டி இடுப்பில் ஒரு வளையம் மாதிரி வைத்துவிடுவாள்.

அன்றைக்கு விடியற்காலையில் குழாயில் தண்ணீர் விட்டார்கள். அம்மா குடத்தோடு போயிருந்தாள். அவள் வரிசையில் நிற்கும்போதே அப்பா வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அம்மா போட்ட சத்தத்தில்தான் எழுந்தேன். பல்பொடி டப்பா திறந்து கிடந்தது. காசெல்லாம் தரையில். நடுவில் தம்பி உட்கார்ந்து முகம் சிவக்க இருமிக்கொண்டிருந்தான்.

நான் காசுகளைப் பொறுக்கினேன். நேபாளம் இருந்தது. இலங்கை இருந்தது.

"ஓட்டைக் காசைக் காணோம்" என்றேன்.

அம்மா கையிலிருந்த குடம் விழுந்தது. வீடெல்லாம் தண்ணீர்.

அவள் அவன் வாயில் விரலை விட்டுத் துழாவினாள். தலைகீழாகப் பிடித்து முதுகில் அடித்தாள். அவன் அலறினான். காசு வரவில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஓடி வந்தார். கன்னடக்காரர். வீட்டில் ஊதுபத்தி உருட்டுவார். கையெல்லாம் கரிப்பொடி.

"எந்தக் காசும்மா?"

"ஓட்டைக் காசு ஆன்ட்டி" என்றேன் நான்.

"ஓட்டை இருக்கா? அப்போ பயப்படாதே. ஓட்டை வழியா மூச்சு போகும், வரும். ஏனூ ஆகல்ல."

ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்ன பிறகுதான் அம்மாவுக்கே மூச்சு வந்தது. எனக்கு அந்த நிலைமையிலும் ஒரு பெருமை. வேறு காசாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? என்னுடைய காசு என்பதால்தானே தம்பி மூச்சு விடுகிறான்.

ஆன்ட்டி தெருமுனை போன் கடைக்குப் போய்க் கம்பெனிக்குப் போன் செய்தார். கேட்டில் இருந்த வாட்ச்மேன், லைனில் நிற்கிற ஆளைக் கூப்பிட முடியாது, ஷிப்ட் முடிந்ததும் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாராம். ஆன்ட்டி அவரைக் கன்னடத்திலும் தமிழிலும் திட்டிக்கொண்டே வந்தார்.

சின்ன ஆஸ்பத்திரி ஒன்று பக்கத்தில் இருந்தது. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். எக்ஸ்ரே எடுக்கிறவர், "உலோகம் ஏதாவது போட்டிருக்கா?" என்று கேட்டு, தம்பியின் ஸ்வெட்டரை முன்பக்கம் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். கறுப்பு அரைஞாண் கயிறு மட்டும் தெரிந்தது. சரி என்று விட்டுவிட்டார். சில்லென்ற மேசையில் படுக்க வைத்ததும் தம்பி உதைத்தான். ஒரே படம்தான் எடுக்க முடிந்தது. சின்னப் பிள்ளை என்பதால் கழுத்து முதல் தொடை வரை எல்லாம் அதிலேயே வந்துவிட்டது.

டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வயிற்றுக்குக் கீழே வெள்ளையாக ஒரு வட்டம். வட்டத்துக்கு நடுவில் கறுப்பாக ஓட்டை.

"என்னம்மா இது, நடுவுல ஓட்டை?"

"ஓட்டைக் காலணா சார். வெள்ளைக்காரன் காலத்துது" என்றேன்.

"யாருது?"

"என்னுது சார். திரும்பக் கிடைக்குமா?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடிக்கவில்லை. கை இரண்டும் தம்பியிடம் இருந்தது.

"கீழ வரைக்கும் போயிடுச்சு, நல்லது. தானா வந்துடும். வாழைப்பழம் கொடுங்க" என்றார் டாக்டர். "நாளைக்குள்ள வரலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். அங்க என்ன பண்ணணுமோ பண்ணுவாங்க. தேவைப்பட்டா ஆபரேஷன்."

அவர் எத்தனையோ சொன்னார். அம்மா காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது. வழியில் தெருக்கோடி மாரியம்மன் கோயில் மூடியிருந்தது. அம்மா கம்பிக்கு வெளியிலேயே நின்றாள்.

"தாயே, இவன் வயித்துல இருக்கிற காசு உன்னுது. எப்படியாவது வெளிய எடுத்துக் குடு. உன் உண்டியல்லயே போடறேன்."

எங்கள் வீட்டு மாரியம்மன் படத்து ஆணியில் எப்போதும் மஞ்சள் முடிச்சுகள் தொங்கும். எனக்கு அம்மை போட்டபோது ஒரு காசு முடிந்து வைத்தாள். அப்பா வேலை போய்த் திரும்பக் கிடைத்தபோது ஒன்று. அது அம்மா சேர்த்த காசு. கோயிலுக்குப் போகும்போது அவிழ்ப்பாள், திரும்ப வேறு ஏதாவது வரும். அன்றைக்கு ஒரு துணியை மஞ்சளில் நனைத்து, உள்ளே ஒன்றும் வைக்காமல் வெறும் முடிச்சாகவே கட்டித் தொங்கவிட்டாள். காசு இன்னும் வரவில்லை அல்லவா.

அப்புறம் பகல் முழுக்க வாழைப்பழம். தெருவில் ஆளாளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தம்பிக்கு அப்படி ஒரு நாள் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை. கேட்காமலே பழம். சுற்றிலும் ஆட்கள். அவன் முக்கினால் தெருவே மூச்சைப் பிடித்தது. பழைய பேப்பர் விரித்து உட்கார வைத்தோம். அம்மா விளக்குமாற்றுக் குச்சியால் கிளறிப் பார்த்தாள். நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் இல்லை. கழுவிவிட்டாள். மறுபடி பழம்.

மத்தியானம் மாமா வந்தார். விஷயம் தெரிந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னைத்தான் ஏமாத்துச்சுன்னு பாத்தேன். குழந்தை மேலயும் கை வெச்சுடுச்சே" என்றார். ஆட்டோவை எடுக்கவில்லை.

அம்மா அன்றைக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தம்பி இருமினால் மட்டும் அவள் தோள் குலுங்கியது. நான் போய், "ஓட்டை இருக்கும்மா" என்று ஞாபகப்படுத்தினேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். வாட்ச்மேன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் டிபன் கேரியரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"யாருக்கு என்ன?"

"பையன் ஓட்டைக் காசை முழுங்கிட்டான் மாமா" என்றார் என் மாமா. எக்ஸ்ரே படத்தை நீட்டினார்.

அப்பா அதை பல்புக்கு நேராகப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு படத்தைக் கீழே வைத்தார். தம்பியைத் தூக்கித் தன் மடியில் குப்புறப் போட்டார். இடுப்பில் சுருட்டியிருந்த ஸ்வெட்டரைப் பிரித்தார். பனியனைத் தூக்கினார்.

முதுகுப் பக்கம், அரைஞாண் கயிற்றில், கெட்டியாக நூல் போட்டுக் கட்டினபடி ஓட்டைக் காசு இருந்தது.

நாள் முழுக்க எல்லோரும் கீழேயே பார்த்திருக்கிறோம். ஒரு ஜாண் மேலே ஒருத்தரும் பார்க்கவில்லை.

"அய்யோ தேவரே!" என்று ஊதுபத்தி ஆன்ட்டிதான் முதலில் சிரித்தார்.

"காலையில இதை வாயில போட்டுட்டு உக்காந்திருந்தான்" என்றார் அப்பா. "புடுங்கினேன். டப்பாவுல போட்டா மறுபடி எடுப்பான். பஸ்ஸுக்கு நேரமாச்சு. அதான் அவன் கைக்கு எட்டாத பக்கமா கட்டிவிட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதில்லையா மாமா?" என்றார் என் மாமா.

"சொல்லிட்டுத்தான் போனேன்."

"யார்கிட்ட?"

"இவன்கிட்டதான். கை வெக்காதடான்னு."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். தெருவே சிரித்தது. தம்பியும் சிரித்தான், காரணம் தெரியாமல். அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அழுதாளா சிரித்தாளா, முகத்தில் முந்தானை இருந்ததால் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தம்பி கடித்துப்போட்ட பாதி வாழைப்பழத்தை எடுத்துத் தின்றாள். இன்னொன்றும் தின்றாள்.

எனக்கும் நிம்மதி. தம்பியும் இருந்தான், காசும் இருந்தது.

விளக்கு வைத்ததும் அம்மா அந்த நூலை அறுத்தாள். காசை மஞ்சள் தண்ணீரில் கழுவினாள். ஆணியில் தொங்கின வெறும் முடிச்சை அவிழ்த்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அம்மா, அது என்னுது!"

"வேண்டிக்கிட்டேன் கண்ணு."

அப்பா என் பக்கம் சேர்ந்தார். "வயித்துல இருக்கிற காசுன்னுதானே வேண்டிக்கிட்ட? வயித்துல எங்க இருந்துச்சு? முதுகுலல்ல இருந்துச்சு. இவன் முழுங்கவே இல்லையே, அப்புறம் எதுக்கு?"

அம்மா காசை வைத்து முடிந்தாள்.

"முழுங்கலையே. அதுக்குத்தான்."

அப்பா சூப்பர்வைசரிடமே எதிர்த்துப் பேசுகிற ஆள். அன்றைக்கு அவரே முடிச்சை வாங்கி ஆணியில் மாட்டினார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். காசு உண்டியலில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அழுதேன். மாரியம்மன் ஒரு வேலையும் செய்யவில்லை, கட்டினதும் அப்பா, கண்டுபிடித்ததும் அப்பா, காசு மட்டும் எப்படி அவளுக்கு என்று வழியெல்லாம் கேட்டேன். அம்மா கையை விடாமல் இழுத்துக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம்தான் அப்பா ஆரம்பித்தார். எனக்கு இன்னொரு ஓட்டைக் காசு கொண்டுவருகிறேன் என்று கேன்டீனில் வருகிற போகிற ஆளையெல்லாம் கேட்டார். ஓசூர் ஆள் ஒருவர் பழைய அரையணா கொடுத்தார். கோலார் ஆள் ஒருவர் ராஜா தலை போட்ட காசு கொடுத்தார். ஓட்டைக் காசு தவிர எல்லாம் வந்தது. எனக்குக் கல்யாணம் ஆன பிறகும் அவர் விடவில்லை. இப்போது யாருக்காகத் தேடுகிறார் என்று அவருக்கே தெரியாது. மாமாவும் ரொம்ப வருஷம் ஒவ்வொரு சவாரி சில்லறையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், யாராவது மறுபடி ஏமாற்ற மாட்டார்களா என்று.

எக்ஸ்ரே படத்தை அப்பா தூக்கிப்போடப் போனார். அம்மா விடவில்லை. டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தாள். காசு ஞாபகம் வந்தால் நான் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஓட்டை அவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கும். அம்மா செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து என் பின்னால் நின்று அவளும் பார்ப்பாள்.

"எவ்ளோ நல்லாத் தெரியுது பாரும்மா" என்பேன்.

"ம்" என்பாள்.

அவளுக்கும் அந்தக் காசின் மேல் ஆசை, போட்டுவிட்டு வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காசுக்கு மேலே, படம் முழுக்க, மீன் முள் மாதிரி தம்பியின் விலா எலும்புகள் இருந்தன. எத்தனையோ தடவை பார்த்தும் அவை அப்போது என் கண்ணில் படவே இல்லை.